மூன்று கோப்பைகளை விடப் பெரிய காலிறுதி: யுவென்டஸ் பெண்கள் அணியின் 2021–22 சீசன்

கேள்வி இது: "2021–22 சீசனில் யுவென்டஸ் பெண்கள் கால்பந்து அணி இத்தாலியில் இருந்த மூன்று கோப்பைகளையும் வாரிக்கொண்டது. ஆனால் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதியோடு வெளியேறிவிட்டது. அதைப் பெரிய சீசன் என்று கொண்டாடுவது சரியா? உள்நாட்டில் எதிராளியே இல்லாத அணி ஐரோப்பாவுக்குப் போனதும் ஏன் தடுமாறுகிறது?"

பெரிய சீசன்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த மூன்று கோப்பைகளால் அது பெரிய சீசன் ஆகவில்லை. யுவென்டஸுக்கு உள்நாட்டில் ஜெயிப்பது அப்போதே பழகிப்போன வேலை. முந்தைய சீசனில் லீக்கின் 22 ஆட்டங்களில் இருபத்திரண்டையும் வென்றிருந்தார்கள். அப்படிப்பட்ட அணி இன்னொரு முறை பட்டம் வாங்கியது செய்தியே அல்ல. இங்கிலாந்தின் செல்சி, ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க், பிரான்ஸின் லியோன் ஆகிய மூன்று அணிகளோடு ஆடிய ஆறு ஆட்டங்கள்தான் செய்தி. அந்த ஆறில் இரண்டு வெற்றி, இரண்டு டிரா, இரண்டு தோல்வி. ஐரோப்பாவின் உச்சத்தில் இருந்த மூன்று அணிகளோடு சரிக்குச் சரி நின்ற கணக்கு அது. தடுமாறினார்கள் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

இதன் மதிப்பு புரிய வேண்டுமானால் முந்தைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். யுவென்டஸ் என்ற பெயர் பழையது. பெண்கள் அணி புதியது. 2017-இல் குனேயோ என்ற சிறிய கிளப்பின் லீக் உரிமத்தை வாங்கித்தான் அணியைத் தொடங்கினார்கள். அப்போது இத்தாலியின் வலுவான அணிகளில் ஒன்று பிரெஷா. அங்கிருந்து சாரா காமா, பார்பரா போனான்சேயா, மார்ட்டினா ரொசூச்சி ஆகியோர் யுவென்டஸின் ஊரான துரின் நகருக்கு வந்தார்கள். முதல் சீசனிலேயே அந்தப் பிரெஷாவும் யுவென்டஸும் சம புள்ளிகளில் முடித்து, பட்டத்துக்காகத் தனியாக ஓர் ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. அதைப் பெனால்டியில் யுவென்டஸ் வென்றது. அடுத்த கோடையில் முன்கள வீராங்கனை கிறிஸ்டியானா ஜிரெல்லியும் வந்து சேர்ந்தார். பிரெஷா தன் உரிமத்தை மிலானுக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பெரிய ஆண்கள் கிளப்புகள் உள்ளே நுழைந்ததும் பழைய பெண்கள் கிளப்புகளுக்கு நேர்ந்தது இதுதான். இதில் எனக்கு இன்னமும் ஒரு மனத்தாங்கல் உண்டு; பேசத் தொடங்கினால் தனிப் பதிவாகிவிடும்.

பயிற்சியாளர் ரீட்டா குவாரினோவின் கீழ் நான்கு ஆண்டுகளில் நான்கு லீக் பட்டங்கள். ஐரோப்பாவில் கிடைத்ததோ கையளவுகூட இல்லை. 2018–19-இல் டென்மார்க்கின் பிரோன்பி வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு பார்சிலோனா. அதற்கடுத்த ஆண்டு லியோன். மூன்று முறையும் முதல் தடையிலேயே, அதாவது 32 அணிகள் இருக்கும் சுற்றிலேயே, கதை முடிந்தது. சீட்டுக்குலுக்கலில் துரதிர்ஷ்டம் இருந்தது உண்மை. ஆனாலும் மூன்று ஆண்டுகளில் ஆறு ஆட்டங்கள் ஆடி ஒன்றைக்கூட வெல்லவில்லை என்றால், குலுக்கலை மட்டும் குறை சொல்ல முடியாது.

2021 கோடையில் குவாரினோ இன்டர் அணிக்குப் போனார். அவர் இடத்துக்கு ஜோ மொன்டெமுர்ரோ வந்தார். மெல்போர்னில் பிறந்த இத்தாலிய வம்சாவளியினர். 2018–19-இல் அர்செனலை இங்கிலாந்துப் பட்டத்துக்கு அழைத்துச் சென்றவர். கோல்கீப்பரிலிருந்தே பந்தைச் சிறு சிறு பாஸ்களாகக் கோர்த்து மேலே கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்குத் தகுந்த கோல்கீப்பரும் கிடைத்தார்: பிரான்ஸின் பொலின் பெய்ரோ-மன்யான், அர்செனலில் அவரிடமே ஆடியவர். இரண்டு பேரும் ஒரே கோடையில் துரினுக்கு வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அதே கோடையில் சாம்பியன்ஸ் லீக்கின் அமைப்பும் மாறியது. அதுவரை முதல் சுற்றிலிருந்தே இரண்டு ஆட்ட நாக்-அவுட். ஒரு மோசமான இரவு போதும், சீசன் முடிந்துவிடும். 2021–22-இல் அது 16 அணிகள், நான்கு குழுக்கள், ஒவ்வோர் அணிக்கும் ஆறு ஆட்டங்கள். மொத்தப் பரிசுத் தொகை 2 கோடியே 40 லட்சம் யூரோ. குழுச் சுற்றுக்குள் நுழைந்தாலே 4 லட்சம் யூரோ உறுதி. ஆட்டங்களை டாசோன் என்ற விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனம் தன் யூடியூப் சேனலில் இலவசமாகக் காட்டியது. நம்மைப் போன்றவர்கள் வீட்டிலிருந்தபடியே பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கை முழுமையாகப் பார்க்க முடிந்தது அப்போதுதான்.

செல்சிக்கு நேரடியாகக் குழுச் சுற்றில் இடம். யுவென்டஸுக்கு அந்தச் சலுகை இல்லை; ஆகஸ்டிலேயே தகுதிச் சுற்று. வடக்கு மாசிடோனியாவின் காமெனிச்சா சாசாவை 12–0 என்று வென்றார்கள். ஆஸ்திரியாவின் சாங்க்ட் போல்டனை 4–1. அடுத்து அல்பேனியாவின் விலாஸ்னியாவை இரண்டு ஆட்டங்களில் 2–0, 1–0. கடைசி ஸ்கோரைப் பார்த்தால் சற்று நெளிய வேண்டியிருக்கிறது, ஆனாலும் குழுச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள்.

குழுவில் கிடைத்தவர்கள்: முந்தைய சீசனின் இறுதி ஆட்டம் வரை போன செல்சி, இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியனான ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க், ஜெனீவாவின் செர்வெட். முதல் இரண்டு இடங்கள் யாருக்கு என்பதில் அன்று யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. யுவென்டஸுக்கு மூன்றாம் இடம் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 5-ஆம் தேதி ஜெனீவாவில் 3–0. எட்டு நாள் கழித்து துரினில் செல்சி. பெண்கள் அணி அப்போது வழக்கமாக ஆடியது ஊருக்கு வெளியே வினோவோவில் உள்ள பயிற்சி மையத்தின் சின்ன மைதானத்தில். ஐரோப்பிய ஆட்டங்களுக்கு ஆண்கள் ஆடும் அல்லியான்ஸ் அரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். எரின் கத்பெர்ட் செல்சிக்கு முதல் கோல் அடித்தார். ஆறே நிமிடத்தில் போனான்சேயா சமன் செய்தார். இரண்டாம் பாதியில் பெர்னில் ஹார்டர் அடித்த கோலில் 2–1 என்று செல்சி வென்றது. தோல்வி என்றாலும் இரண்டு அணிகளுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரியவில்லை. நவம்பர் 9 அன்று அதே அரங்கில் வுல்ஃப்ஸ்பர்க்கோடு 2–2. பாதிக் கட்டத்தில் மூன்று ஆட்டங்களுக்கு நான்கு புள்ளிகள். மூன்றாம் இடக் கணிப்பு பலிக்கப்போகிறது என்றுதான் தோன்றியது.

பிறகு வந்தது நவம்பர் 18. வுல்ஃப்ஸ்பர்க் சொந்த மண்ணில் 0–2 என்று யுவென்டஸிடம் தோற்றது. இந்தச் சீசனின் உச்சம் எது என்று கேட்டால் பலர் லியோனை வென்ற இரவைச் சொல்வார்கள். நான் இதைத்தான் சொல்வேன். எதிரணி பதினோரு பேரோடு, தன் ஊரில், வெல்ல வேண்டிய கட்டாயத்தோடு ஆடிய ஆட்டம் இது. அங்கே கோலே வாங்காமல் இரண்டு கோல் அடித்துவிட்டு வருவது இத்தாலிய அணிகள் அதற்கு முன் பெண்கள் கால்பந்தில் செய்து பழகாத காரியம்.

டிசம்பர் 8-ஆம் தேதி லண்டனில் செல்சியோடு 0–0. இந்த ஆட்டம் உலகம் முழுவதும் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. கடைசிக் கட்டத்தில் ஓர் இரசிகர் கைப்பேசியோடு மைதானத்துக்குள் ஓடிவர, செல்சியின் சாம் கெர் அவரைத் தோளால் இடித்துக் கீழே தள்ளினார். நடுவர் கெருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு எதிரணி எது என்றுகூட நினைவிருக்காது. நினைவில் இருந்திருக்க வேண்டியது பெய்ரோ-மன்யானும் அவருக்கு முன்னால் நின்ற தற்காப்பு வரிசையும். செல்சி மூன்று நாள் முன்புதான் வெம்பிளியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை ஆடி வென்றிருந்தது. கால்கள் களைத்திருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் களைத்த செல்சியிடமும் அங்கே போய்த் தோற்றுவிட்டு வரும் அணிகள் ஏராளம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தக் குழுவின் கணக்கு போல ஒன்று அடிக்கடி அமையாது.

கடைசி நாள், டிசம்பர் 16, தொடங்கும்போது செல்சிக்கு 11 புள்ளிகள். வுல்ஃப்ஸ்பர்க்குக்கும் யுவென்டஸுக்கும் தலா 8. யுவென்டஸ் துரினில் செர்வெட்டை 4–0 என்று வென்று தன் வேலையை முடித்தது. அதே இரவு வுல்ஃப்ஸ்பர்க் தன் ஊரில் செல்சியை 4–0 என்று நொறுக்கியது. மூன்று அணிகளுக்கும் 11 புள்ளிகள். அப்போதைய விதிப்படி, சமன் ஆனால் முதலில் மொத்த கோல் வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. சமனான அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்த்தார்கள். அங்கேயும் மூன்று பேருக்கும் சரியாக ஐந்தைந்து புள்ளிகள்! செல்சி யுவென்டஸிடம் நான்கு புள்ளி எடுத்தது, யுவென்டஸ் வுல்ஃப்ஸ்பர்க்கிடம் நான்கு எடுத்தது, வுல்ஃப்ஸ்பர்க் செல்சியிடம் நான்கு எடுத்தது. அதற்கடுத்த அளவுகோல், அந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசம். வுல்ஃப்ஸ்பர்க் 9 அடித்து 7 வாங்கியது. யுவென்டஸ் 5 அடித்து 4 வாங்கியது. செல்சி 5 அடித்து 8 வாங்கியது. முதலிடம் வுல்ஃப்ஸ்பர்க், இரண்டாமிடம் யுவென்டஸ், போன ஆண்டு இறுதி ஆடிய செல்சி வெளியே.

ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தாலும் செல்சி தப்பியிருக்கும். யுவென்டஸ் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வுல்ஃப்ஸ்பர்க் 2–0-உடன் நிறுத்தியிருந்தால் முதலிடம் யுவென்டஸுக்கே கிடைத்திருக்கும். அதன் பிறகு விழுந்த கோல்கள் செல்சியை மட்டும் தண்டிக்கவில்லை. யுவென்டஸை இரண்டாமிடத்துக்குத் தள்ளி, காலிறுதியில் வேறொரு குழுவின் முதலணியோடு மோத வைத்தன. பார்சிலோனா, பாரிஸ், லியோன் ஆகிய மூன்றில் ஒன்று. குலுக்கலில் வந்தது லியோன்.

இந்தக் குழுச் சுற்றின் எண்களில் எனக்குப் பிடித்தது வெளியூர்க் கணக்கு. ஜெனீவா, வுல்ஃப்ஸ்பர்க், லண்டன் என்று மூன்று வெளியூர் ஆட்டங்கள். வாங்கிய கோல் பூஜ்யம். ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கிய நான்கு கோல்களும் துரினில்தான். பந்தை வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்த பயிற்சியாளர், வெளியூரில் பந்து கிடைக்காதபோது பொறுமையாகப் பின்னால் நின்று காக்கவும் அணிக்குப் பழக்கியிருந்தார். உள்நாட்டு லீக்கில் இந்தப் பாடத்துக்கு வேலையே கிடையாது. அங்கே முக்கால்வாசி ஆட்டங்களில் பந்து யுவென்டஸிடம்தான் இருக்கும். ஐரோப்பாவில் அணி புதிதாகக் கற்றுக்கொண்டது இதுதான், என் கணிப்பில்.

லியோனிடம் போவோம். அன்றைக்கு ஏழு முறை ஐரோப்பிய சாம்பியன். 2020 டிசம்பரில் இதே துரினில் 3–2 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் 3–0 என்று முடித்து, யுவென்டஸை வெளியேற்றிய அதே அணி. 2022 மார்ச் 23, அல்லியான்ஸ் அரங்கம். ஆட்டம் தொடங்கி பத்து நிமிடம் ஆவதற்குள் கத்தரினா மக்காரியோ கோல் அடித்துவிட்டார். பழைய படம் மறுபடி ஓடப்போகிறது என்ற நிலை. ஆனால் யுவென்டஸ் ஆட்டத்தைத் திறந்துவிடாமல் 1–0-இலேயே பிடித்து வைத்திருந்தது. இரண்டாம் பாதியில் லியோனின் எல்லி கார்பென்டர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அதன் பிறகு ஜிரெல்லி சமன் செய்தார். ஏழு நிமிடம் மீதியிருக்கும்போது ஆன்யேசே போன்ஃபான்டினி இரண்டாவது கோலை அடித்தார். 2–1.

பத்துப் பேர் ஆடிய லியோனைத்தானே வென்றார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆம். அதனால்தான் வுல்ஃப்ஸ்பர்க் வெற்றியை இதற்கு மேலே வைக்கிறேன். ஆனால் எதிரணியில் ஆள் குறைந்ததும் பதற்றத்தில் பந்தைக் கண்டபடி உதைத்து வாய்ப்பை வீணாக்கும் அணிகளே அதிகம். யுவென்டஸ் பதறாமல் முதலில் சமன் செய்தது, அடுத்த கோலுக்கும் அவசரப்படவில்லை.

மார்ச் 31, லியோன். ஆடா ஹெகெர்பெர்க் தலையால் முட்டிய கோல், சில நிமிடங்களிலேயே மெல்வின் மலாரின் கோல்; இடைவேளைக்கு முன்பே துரினின் முன்னிலை கரைந்துவிட்டது. இரண்டாம் பாதியில் மக்காரியோ மூன்றாவதை அடித்தார். கடைசியில் செக் நாட்டு வீராங்கனை ஆண்ட்ரேயா ஸ்டாஷ்கோவா ஒன்றைத் திருப்பினார்: 3–1. மொத்தக் கணக்கில் 4–3. இன்னும் ஒரே கோல் வந்திருந்தால் கூடுதல் நேரம். அந்தக் கோல் வரவில்லை. வருவதற்கான அறிகுறியும் அன்று பெரிதாகத் தெரியவில்லை என்பதே உண்மை. அந்த இரவில் லியோன் நன்றாக மேலே இருந்தது. இரண்டு அணிகளின் பெஞ்சையும் ஒப்பிட்டாலே விஷயம் புரிந்துவிடும்: லியோனில் உட்கார்ந்திருந்த பலர் இத்தாலியில் எந்த அணியிலும் முதல் பதினொருவரில் இருப்பார்கள்.

அதே லியோன்தான் அந்தக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டம் நடந்த இடமும் யுவென்டஸின் சொந்த அரங்கம்! 2022 இறுதியை நடத்தும் பொறுப்பு துரினுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. மே 21 அன்று அங்கே லியோன் பார்சிலோனாவை 3–1 என்று வென்றது. முதல் 33 நிமிடங்களிலேயே மூன்று கோல்கள். மறுநாள், மே 22, யுவென்டஸ் வீராங்கனைகள் பெராரா நகரில் இத்தாலியக் கோப்பை இறுதியில் ரோமாவை 2–1 என்று வென்று கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு நாட்களின் நாட்காட்டியை வகுத்தவருக்குக் குறும்பு அதிகம்.

உள்நாட்டுக் கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஜனவரியில் ஃப்ரோசினோனேயில் மிலானை 2–1 என்று வென்று சூப்பர் கோப்பை. 59 புள்ளிகளோடு தொடர்ந்து ஐந்தாவது லீக் பட்டம். இதற்கு முன் சார்தீனியத் தீவின் தோர்ரெஸ் 2010 முதல் 2013 வரை தொடர்ந்து நான்கு வென்றிருந்தது. பெராராவில் இத்தாலியக் கோப்பை. அதே சீசனில், ரொனால்டோ போன பிறகு, யுவென்டஸ் ஆண்கள் அணி ஒரு கோப்பையும் வெல்லவில்லை என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன். ஆனால் லீக் பட்டியலில் கவனிக்க வேண்டியது யுவென்டஸின் எண் அல்ல, அதற்குக் கீழே இருந்த எண். ரோமா 54. ஐந்தே புள்ளி இடைவெளி. எதிராளியே இல்லை என்று நீங்கள் சொன்னது முந்தைய சீசனுக்குப் பொருந்தும். இந்தச் சீசனில் எதிராளி வளர்ந்துகொண்டிருந்தார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: உள்நாட்டில் இவ்வளவு வலுவான அணிக்கு ஐரோப்பாவில் ஏன் காலிறுதிக்கு மேல் எட்டவில்லை? மைதானத்துக்கு உள்ளே இருக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டேன். பெரிய காரணம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

இத்தாலியில் விளையாட்டைத் தொழிலாகச் செய்வோருக்கு அப்போது இருந்த சட்டம் 1981-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டம். எந்த விளையாட்டு தொழில்முறை, எது பொழுதுபோக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது விளையாட்டுச் சம்மேளனங்களிடம் விட்டுவிட்டது. எந்தச் சம்மேளனமும் பெண்களைத் தொழில்முறைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே 2021–22-இல் செல்சியைக் கோலடிக்க விடாமல் நிறுத்திய, லியோனை வென்ற இந்தப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் அமெச்சூர்கள். ஆண்டுக்கு 30,658 யூரோவுக்கு மேல் சம்பளம் எழுத முடியாது. தொழில்முறை வீரருக்குக் கிடைக்கும் ஓய்வூதியப் பங்களிப்பும் மற்றப் பணிப் பாதுகாப்புகளும் கிடையாது. ஜிரெல்லியும் போன்ஃபான்டினியும் கோல் அடித்த அந்த மார்ச் 23, அந்தச் சட்டம் கையெழுத்தான தேதியும்கூட. நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து.

அணித்தலைவர் சாரா காமா இதை விடாமல் பேசி வந்தவர். திரியெஸ்தேயில் இத்தாலியத் தாய்க்கும் காங்கோ நாட்டுத் தந்தைக்கும் பிறந்தவர். வீரர் சங்கத்தின் துணைத் தலைவர் பொறுப்பிலும் இருந்தார். ஒரு பக்கம் தற்காப்பின் நடுவில் நின்று ஆடிக்கொண்டே, மறுபக்கம் தன்னைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள வைக்கச் சம்மேளனத்தோடு மேஜையில் உட்கார்ந்து வாதாட வேண்டிய நிலை. ஆண்கள் கால்பந்தில் இப்படி ஓர் அணித்தலைவரைக் காட்டச் சொன்னால் எனக்குச் சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை. 2022 ஜூலை 1 முதல் பெண்களின் முதல்நிலை லீக்கான சீரி ஆ தொழில்முறை லீக் ஆனது. இத்தாலியில் அந்த நிலையை அடைந்த முதல் பெண்கள் விளையாட்டு அதுதான். அதாவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் சீசன் அமெச்சூர் காலத்தின் கடைசி சீசன்.

சம்பள வரம்பு யுவென்டஸை மட்டும் பாதித்திருந்தால் கதை வேறு. அது லீக் முழுவதையும் கீழே இழுத்தது. பணமுள்ள நாலைந்து கிளப்புகள் மேலே, மற்றவை எப்படியோ ஆண்டை ஓட்டினால் போதும் என்ற நிலையில் கீழே. அப்படிப்பட்ட லீக்கில் வாரந்தோறும் ஆடும் தற்காப்பாளருக்கு ஹெகெர்பெர்க் போன்ற ஒருவரை எதிர்கொள்ளும் பயிற்சி எங்கிருந்து வரும்? குழுச் சுற்றில் ஆறு ஆட்டங்களும் சுமார் பத்து வாரங்களில் பரவி வந்ததால் தயாரிப்புக்கு நேரம் கிடைத்தது. திட்டம் போட்டு ஆட முடிந்தது. லியோன் போன்ற அணியை இரண்டாவது முறை சந்திக்கும்போது திட்டம் மட்டும் போதாது. வேகம் பழக்கத்தில் இருக்க வேண்டும். தொழில்முறை ஆனதோடு லீக்கை 12 அணிகளிலிருந்து 10 ஆகக் குறைத்ததற்கும் இதுவே காரணம். பலவீனமான ஆட்டங்களைக் குறைத்து, வலுவானவர்களை அடிக்கடி மோதவிடுவது. குறைக்கும் அந்த ஆண்டில் நாப்போலி, லாட்சியோ, வெரோனா ஆகிய மூன்றும் கீழே இறங்கின. கோமோ மட்டும் மேலே வந்தது.

இத்தாலிய அணிகளின் ஐரோப்பிய வரலாற்றிலும் இதை வைத்துப் பார்க்கலாம். பார்தோலினோ வெரோனா 2007–08-இல் அரையிறுதி வரை போயிருக்கிறது. தோர்ரெஸ் காலிறுதிகளில் ஆடியிருக்கிறது. ஆகவே யுவென்டஸின் காலிறுதி புதிய உயரம் என்று சொன்னால் அது தவறு. ஆனால் அந்தக் காலத்தில் செல்சியும் பார்சிலோனாவும் இந்த அளவுக்குப் பணத்தைக் கொட்டத் தொடங்கவில்லை. 2022-இன் காலிறுதியில் இருந்த எட்டு அணிகளைப் பாருங்கள்: லியோன், பார்சிலோனா, பாரிஸ், வுல்ஃப்ஸ்பர்க், பயர்ன், அர்செனல், ரியல் மாட்ரிட், யுவென்டஸ். இதில் சட்டப்படி அமெச்சூர்களாக ஆடிய இத்தாலிய அணி ஒன்று இருந்தது என்பதற்கே தனி மதிப்பெண் தர வேண்டும்.

இதை வைத்து அந்த அணியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். யுவென்டஸ் வீராங்கனைகளை முதுகெலும்பாகக் கொண்ட இத்தாலிய தேசிய அணி, அதே ஜூலையில் ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் பிரான்ஸிடம் 5–1 என்று தோற்று, குழுச் சுற்றிலேயே வெளியேறியது. லியோன் காட்டிய அதே வேக வித்தியாசம் அங்கும் தெரிந்தது. அடுத்த சீசனில் யுவென்டஸ் சாம்பியன்ஸ் லீக் குழுவில் லியோன், அர்செனல் இரண்டோடும் மாட்டிக்கொண்டு மூன்றாமிடத்தில் நின்றுவிட்டது. லீக் பட்டமோ ரோமாவுக்குப் போனது, அவர்களுக்கு முதல் முறையாக. அதே ரோமா ஐரோப்பாவிலும் காலிறுதியை எட்டி, பார்சிலோனாவை ரோமின் ஒலிம்பிக் அரங்கத்துக்கு வரவழைத்தது. 2022-இன் அந்த ஐந்து புள்ளி இடைவெளி எதைச் சொல்லியது என்று இப்போது புரிந்திருக்கும். யுவென்டஸுக்கு மறுபடி பட்டம் கிடைத்தது 2024–25-இல்தான்.

ஆட்டங்களைத் தேடிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், லியோனை வென்ற ஆட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். சிவப்பு அட்டை அதன் அளவைக் கொஞ்சம் மாற்றிக் காட்டும். முதலில் துரினில் செல்சியிடம் தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள், பிறகு லண்டனில் 0–0. இரண்டுக்கும் நடுவே இருப்பது எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தில் பின்வரிசை வீராங்கனைகள் தமக்குள் விடும் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கவனியுங்கள். அதற்குப் பிறகு வுல்ஃப்ஸ்பர்க்கில் நடந்த 2–0. நேரம் மிச்சமிருந்தால் மட்டும் பெராரா இறுதி ஆட்டம். அதை யுவென்டஸுக்காகப் பார்ப்பதை விட, அடுத்த இரண்டு ஆண்டுகள் பட்டத்தை எடுத்துப்போகவிருந்த ரோமாவுக்காகப் பார்ப்பது நல்லது.